மாரிக் குளிரில் ஆடும் கோழியும் வீடும்

2022 மார்கழி மாதம் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. நஞ்சோ, புதிய தொற்றுநோயோ என்று சனங்கள் பயந்தார்கள். கால்நடை வைத்தியர்கள் கண்ட காரணம் குளிர்.

அந்தக் கிழமை ஒரு குடியேற்றக் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு தாய் தன் மூன்று ஆடுகளில் இரண்டை இழந்திருந்தார். "இருந்தது ஒரு தறப்பாள்தான், சுவாமி. அதைப் பிள்ளைகளுக்குக் கட்டினேன். ஆடுகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை" என்றார். அவர் செய்தது சரியே. ஆனால் பிள்ளையா ஆடா என்று தெரிவுசெய்யும் நிலை ஒரு குடும்பத்துக்கு வரக்கூடாது. கையில் உள்ளதைக்கொண்டு இரண்டையும் காப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

குளிர் எப்படிக் கொல்கிறது?

நமது நாட்டின் வடக்கு, கிழக்கில் பனிக்கட்டி உறைவதில்லை. ஆனாலும் மழை, காற்று, பசி ஆகிய மூன்றும் சேர்ந்தால் சாவு வரும். ஆட்டின் உடல் வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். கோழிக்கு 41 பாகை. மயிர் உலர்ந்திருந்தால் அதற்கிடையே தங்கும் காற்று ஒரு போர்வைபோல வெப்பத்தைக் காக்கும். மயிர் நனைந்தால் அந்தப் போர்வை போய்விடும். வாடைக்காற்று வீசினால் வெப்பம் இன்னும் விரைவாக வெளியேறும். வயிறும் வெறுமையாக இருந்தால் இழந்த வெப்பத்தை உடலால் மீண்டும் உண்டாக்க முடியாது. ஆகவே முதலில் சாவது மெலிந்த ஆடும் சிறு குட்டியுமே.

ஆட்டுக்கு

1. கொட்டிலின் வடக்கு, கிழக்குப் பக்கங்களைக் கிடுகு, பனையோலை அல்லது பிரித்துத் தைத்த உரப்பைகளால் அடையுங்கள். கூரைக்குக் கீழே ஓரடி இடைவெளி விடுங்கள். முற்றாக மூடினால் மூத்திர ஆவி தங்கி ஆடு இருமத் தொடங்கும்.

2. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தடிகளை அடுக்கிப் பரண் அமையுங்கள். தடிகளுக்கிடையே அரை அங்குல இடைவெளி போதும். புழுக்கை கீழே விழும். குட்டியின் கால் சிக்காது. பரணுக்கு வழியில்லையென்றால் மேடான இடத்தில் வைக்கோல் பரப்பி, நனைந்ததை நாள்தோறும் மாற்றுங்கள்.

3. மாலையில் வைக்கோல் அல்லது உலர்ந்த குழை கொடுங்கள். நார்த்தீனி ஆட்டின் பெருவயிற்றில் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. அதுவே இரவு முழுவதும் எரியும் அடுப்பு. பூஞ்சணம் பிடித்த வைக்கோல் வேண்டாம். பசி தீரட்டும் என்று நெல்லையோ சோற்றையோ அளவுக்கு மீறிக் கொடுக்கவும் வேண்டாம். வயிறு புளித்து ஆடு இறந்துவிடும்.

4. மாரி தொடங்குமுன் கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுங்கள். புழுவால் மெலிந்த ஆடு குளிரைத் தாங்காது.

பிறந்த குட்டிக்கு

குட்டி பிறந்தவுடன் தாய் நக்க விடுங்கள். பின் உலர்ந்த சாக்கினால் நன்றாகத் துடையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் குடிக்கவேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் தடவையில் ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் தேவை.

குட்டி சோர்ந்து கிடந்தால் அதன் வாயினுள் விரலை வைத்துப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்தால் உடனே பால் பருக்காதீர்கள். உறிஞ்ச முடியாத குட்டிக்குப் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். முதலில் கடகத்தில் வைக்கோலிட்டுக் குட்டியைக் கிடத்துங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வாய் சூடேறி, உறிஞ்சத் தொடங்கிய பின் பால் கொடுங்கள்.

கோழிக்கு

கூட்டில் உமியை மூன்று நான்கு அங்குலம் பரப்பி, நனையாமல் காத்துக்கொள்ளுங்கள். தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை வெப்பம் வேண்டும். பிறகு வாரந்தோறும் மூன்று பாகை குறைக்கலாம். வெப்பமானி தேவையில்லை. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். விலகி ஓடினால் சூடு. பரவலாகப் படுத்தால் அளவு சரி. அரிக்கன் லாம்பு வைப்பதானால் கம்பியில் உறுதியாகக் கட்டுங்கள். உமியும் கிடுகும் நொடியில் தீப்பற்றும்.

வீட்டுக்கு

குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஈரத் தரையும் உடலின் வெப்பத்தை உறிஞ்சும். பாய்க்குக் கீழே வைக்கோலும் அதன்மேல் சாக்கும் பரப்புங்கள். நனைந்த உடுப்பை உடனே மாற்றி, பிள்ளைகளினதும் முதியவர்களினதும் தலையை மூடுங்கள். கைக்குழந்தையைத் தாய் தன் நெஞ்சோடு, தோலோடு தோலாக அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துவதே சிறந்த முறை.

மூடிய கொட்டிலுக்குள் கரித்தணல் வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே குடும்பம் முழுவதையும் அது கொன்றுவிடும். சாராயம் குளிரைப் போக்கும் என்பதும் பிழை. அது தோலில் சூடு காட்டி, உள்வெப்பத்தை வெளியே விட்டுவிடும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று குழறிப் பேசினால் குணமாகிவிட்டார் என்று எண்ணவேண்டாம். அது ஆபத்தின் அறிகுறி. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஆடுகளும் கோழிகளும் வீட்டுக்கு ஒட்டியே இருக்கலாம். ஆனால் மனிதர் படுக்கும் அறைக்குள் வேண்டாம். இடையில் ஒரு கிடுகுத் தட்டி போதும்.

அந்தத் தாயிடம் இன்று ஐந்து ஆடுகள் நிற்கின்றன. ஐப்பசி பிறக்குமுன்னே அயலவர் நால்வர் சேர்ந்து கிடுகு பின்னி, வைக்கோலைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். தறப்பாள் இன்னமும் ஒன்றுதான். அது பிள்ளைகளுக்கே.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது கொட்டிலுக்கு வாடைக்காற்று எந்தப் பக்கத்தால் நுழைகிறது?
2. மாரிக்கு முன் எத்தனை கட்டு வைக்கோல் சேர்க்கலாம்? எங்கே வைக்கலாம்?
3. தனியே கொட்டில் அடைக்க இயலாத முதியவர், விதவை நமது அயலில் யார்? அவருக்கு யார், எந்த நாளில் உதவுவது?