சுவரில் மோதும் காற்றுக்குக் கணக்குப் போடுகிற வேலை

மே மாதம், மாலை நான்கு மணி. ஆலங்குடியில் எந்த மாடி வீட்டின் மேற்குச் சுவரையும் தொட்டுப் பாருங்கள்; கை பொறுக்காது. அந்தச் சூட்டில் எவ்வளவை வெளிக்காற்று அள்ளிக்கொண்டு போகிறது, எவ்வளவு சுவர் வழியாக வீட்டுக்குள் இறங்குகிறது? கட்டடம் எழும்புவதற்கு முன்பே இதைக் கணினியில் போட்டுச் சொல்லச் சம்பளம் தருகிறார்கள். காற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் இதைத் தொழிலில் சி.எஃப்.டி. என்பார்கள். மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் எது படித்தவரும் நுழையலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நீலமும் சிவப்புமாகச் சுழலும் படங்களைப் பார்த்து மயங்கி இந்தப் பக்கம் வருபவர்கள் அதிகம். படம் வரைய மென்பொருளுக்குத் தெரியும். அதில் வரும் ஓர் எண்ணை, "இது எப்படி வந்தது?" என்று கேட்பவர் முன்னால் நின்று காப்பாற்றத் தெரிந்தவருக்குத்தான் வேலை.

அந்த எண் எதுவென்று பார்ப்போம். காற்று படும் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதே வெப்பப் பரிமாற்றக் கெழு. இன்றைக்கும் பலர் கையில் எடுப்பது ஒரு பழைய சூத்திரம்: 5.7 + 3.8 × காற்றின் வேகம். நொடிக்கு 1 மீட்டர் காற்றென்றால் 9.5, 4 மீட்டரென்றால் 20.9. அதாவது தெருவில் காற்று கொஞ்சம் எழுந்தாலே சுவர் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஆறுகிறது. இந்தச் சூத்திரத்தின் பிறப்பிடம் 1924-ல் யூர்கஸ் என்பவர் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த அரை மீட்டர் சதுரச் செப்புத் தகடு. அரை மீட்டர் தகட்டில் கிடைத்ததைப் பத்து மாடிக் கட்டடத்தின் மேல் ஒட்டினால் என்ன ஆகும்? மூலைகளில் காற்று வேகமெடுக்கும், நடுவில் தேங்கும், பின்பக்கம் சுழன்று கிடக்கும். ஒரே எண் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சி.எஃப்.டி.க்குத் தேவை பிறப்பது இங்கேதான்.

ஆனால் அங்கும் ஒரு பொறி இருக்கிறது. வெப்பம் கைமாறுவது சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில். காற்றைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையான மெஷ்ஷின் முதல் கட்டம் அதைவிடப் பருமனாக இருந்தால், மென்பொருள் 'வால் ஃபங்ஷன்' என்ற குறுக்கு வழியில் ஊகித்துக்கொள்ளும். காற்றழுத்தத்துக்கு அது போதும், வெப்பத்துக்கு ஏமாற்றும். டெஃப்ராய், பிளாக்கன், கார்மெலியட் ஆகியோர் 2010-ல் ஒரு கனசதுரக் கட்டடத்தை வைத்து இந்தக் குறுக்கு வழி கெழுவைக் கூட்டிக் காட்டுவதை எழுதியிருக்கிறார்கள். வெப்பத்தைத் தொடப்போகிறீர்கள் என்றால் சுவரிலிருந்து முதல் கட்டத்தின் தூரத்தைச் சொல்லும் 'ஒய் பிளஸ்' 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் இடறி விழும் இடம் இது.

மற்ற விதிகள் மனப்பாடம் செய்யக்கூடியவை. கட்டடத்தின் உயரம் எவ்வளவோ அதைப்போல் ஐந்து மடங்கு இடம் முன்னாலும் பக்கங்களிலும் மேலேயும் விட வேண்டும். பின்னால் பதினைந்து மடங்கு. காற்றோட்டப் பாதையில் கட்டடம் அடைக்கும் பரப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிடும் சாதாரண 'கே-எப்சிலன்' மாடல் கூரை விளிம்பில் காற்று பிரியும் இடத்தைச் சரியாகச் சொல்லாது.

இனி ஊருக்கு வருவோம். ஆலங்குடிக்குத் தனியாக வானிலைக் கோப்பு தேட வேண்டாம், திருச்சியுடையதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வெட்டவெளியில் பத்து மீட்டர் உயரத்துக் காற்று. இங்கே தென்னந்தோப்பும் நெருக்கமான வீட்டு வரிசையும் இருக்கின்றன. அந்த வேகத்தை அப்படியே தெருவுக்குள் விட்டால் சுவர் பொய்யாகக் குளிர்ந்துவிடும். உயரத்துக்கும் நிலத்தின் சொரசொரப்புக்கும் ஏற்பக் குறைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு மாதிரிக் கட்டடம் தேடி அலைய வேண்டாம். உங்கள் வீடே போதும். காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் இலவசம், விடையைப் படமாக்கும் பாராவியூவும் இலவசம், நாள் முழுக்க ஏறி இறங்கும் சூட்டைக் கணக்கிட எனர்ஜி பிளஸ்ஸும் இலவசம். 16 ஜி.பி. ரேம் உள்ள மடிக்கணினியில் சில பத்து லட்சம் கட்டங்கள் வரை ஓட்டலாம். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ திட்டம் ஓப்பன்ஃபோம் கற்றுத்தருகிறது. மாணவர் செய்த ஆய்வுகளை வாங்கிப் பதிவும் செய்கிறது. என்.பி.டி.இ.எல். இணையத் தளத்தில் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் சுமன் சக்ரவர்த்தி நடத்திய சி.எஃப்.டி. பாடம் இருக்கிறது. பிறகு ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கி, மணிக்கொருமுறை சுவரை அளந்து, உங்கள் கணக்கோடு பக்கத்தில் வையுங்கள். பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று நான்கு பக்கம் எழுதினால், சான்றிதழ் குவியலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

காற்றழுத்தப் பக்கம் போக விரும்புபவர்களுக்கு இந்த வட்டாரத்தில் வேறொரு பாடம் கிடக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது எந்த மூலையில் தகரம் முதலில் பிய்ந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூரை விளிம்புகளில் உறிஞ்சல் எங்கே கூடுகிறது என்று கணினி சொல்வதோடு ஒப்பிடலாம். இங்கிலாந்தின் சில்சோவில் இதற்காகவே 6 மீட்டர் கனசதுரம் ஒன்றைக் கட்டி அளந்தார்கள். அந்த அளவீடுகள் உலகெங்கும் சோதனைக் கல். ஒன்றை நினைவில் வையுங்கள்: கண்ணாடி முகப்பைப் பெயர்ப்பது சராசரிக் காற்றல்ல, ஒரு நொடி வீச்சு. அதனால்தான் உயரக் கட்டடங்களுக்கு இன்னும் காற்றுச் சுரங்கம் கேட்கிறார்கள். சென்னை தரமணியில் சி.எஸ்.ஐ.ஆர்.–எஸ்.இ.ஆர்.சி. நிறுவனத்தில் ஒன்று இருக்கிறது.

வேலை எங்கே? உண்மையைச் சொன்னால், இந்தியாவில் பெரும்பாலான அலுவலகங்கள் முதலில் தருவது விதிமுறைக் கணக்கு. 2018-ல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்பின் சுவர், ஜன்னல் வழி வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அதற்கு எக்செல் போதும்; சி.எஃப்.டி. வேண்டாம். முகம் சுளிக்காதீர்கள். அந்தக் கணக்கைத் தெரிந்தவர்தான் எப்போது சி.எஃப்.டி. தேவை என்று முதலாளியிடம் சொல்ல முடியும். ராஜ்கோட்டில் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் எழுந்த 'ஸ்மார்ட் கர் 3' குடியிருப்பு நல்ல முன்மாதிரி. இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டத்தின் உதவியோடு, வீடுகளுக்கு நடுவே மேலே போகும் காற்றுக் கூண்டுகள் வழியே அறைக் காற்றை வெளியே இழுக்கும்படி அதை வடிவமைத்தார்கள். ஏ.சி. வாங்க முடியாதவர்களுக்கான வீடு. இந்தத் துறை இங்கே வளர வேண்டிய திசை அதுவே என்பது என் எண்ணம்.

வெளிநாடு என்றால் ஆலங்குடிக்காரர்களுக்குச் சிங்கப்பூர் புதிதல்ல. அங்கே பசுமைச் சான்றிதழான கிரீன் மார்க்கின் உயர்நிலை பெற, குடியிருப்புகளுக்குக் காற்றோட்டச் சிமுலேஷன் கேட்கிறார்கள். வீட்டுக்குள் சராசரியாக நொடிக்கு 0.6 மீட்டர் காற்று என்பது அதில் வரும் அளவுகோல். புர்ஜ் கலீஃபாவின் காற்றுச் சோதனைகளைச் செய்த ஆர்.டபிள்யூ.டி.ஐ. நிறுவனத்துக்குத் திருவனந்தபுரத்திலேயே அலுவலகம் இருக்கிறது.

விண்ணப்பத்தோடு மூன்றை இணையுங்கள்: மெஷ்ஷை மூன்று நுணுக்கத்தில் ஓட்டி விடை மாறாமல் நின்றதைக் காட்டும் அட்டவணை, அளவீட்டோடு ஒப்பிட்ட ஒரு வரைபடம், நீங்கள் எடுத்துக்கொண்ட அனுமானங்களின் பட்டியல். வண்ணப் படம் ஒன்று போதும். அதையும் கடைசிப் பக்கத்தில் வையுங்கள்.