எக்சாஸ்ட் மாற்றினால் ஒரு வினாடி குறையுமா?

"புது எக்சாஸ்ட் மாட்டினேன், சிப்பாங்கில் ஒரு வினாடி குறைந்துவிட்டது!" மாணவர்களே, கார் பிரியர்கள் கூடும் இடத்தில் இப்படி யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உங்கள் அண்ணனே சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. கடிகாரம் காட்டியதைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வினாடியைக் குறைத்தது எக்சாஸ்ட்தானா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1999-இல் திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 15 வளைவுகள். 2017-இல் இங்கு நடந்த கடைசி ஃபார்முலா 1 போட்டியின் தகுதிச் சுற்றில் லூயிஸ் ஹேமில்டன் 1 நிமிடம் 30.076 வினாடியில் ஒரு சுற்றை முடித்தார். அதே தடத்தில், கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, சாதாரணச் சாலைக் காரையும் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கென ஒதுக்கப்படும் நாளை 'டிராக் டே' என்பார்கள். அது பந்தயம் அன்று. அவரவர் தம் நேரத்தோடுதான் போட்டி போடுகிறார்கள்.

மாற்றியமைக்கப்பட்ட ஒரு கார் 2 நிமிடம் 45 வினாடியில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். 5543-ஐ 165-ஆல் வகுத்தால் வினாடிக்கு 33.6 மீட்டர், அதாவது மணிக்கு 121 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையின் வேக வரம்பான 110-ஐவிடச் சற்றுத்தான் அதிகம்! நேர்ப்பாதையில் 180-ஐத் தொடும் காரின் சராசரி ஏன் இவ்வளவு இறங்கிவிடுகிறது? வளைவுகள்தாம் காரணம்.

வளைவில் காரை உள்நோக்கி இழுத்துப் பிடிப்பது டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. அந்த உராய்வு தாங்கும் எல்லை இதுதான்:

வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் கெழு × புவியீர்ப்பு முடுக்கம் × வளைவின் ஆரம்

இதில் இயந்திரத்தின் திறன் எங்கே? இல்லவே இல்லை. 45 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண டயரின் உராய்வுக் கெழு 0.9 என்றால், 0.9 × 9.8 × 45 = 397. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 20. ஆக, வினாடிக்கு 20 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் போனால் கார் வழுக்கும். மென்மையான ரப்பர் கொண்ட தட டயருக்குக் கெழு 1.1 என்று கொண்டால் வேகம் 22 மீட்டர். வளைவின் நீளம் 100 மீட்டராக இருந்தால், 5 வினாடி எடுத்த இடத்தில் 4.55 வினாடி போதும்.

லாபம் அதோடு முடிவதில்லை. 1200 கிலோ கார், சக்கரங்களில் 100 கிலோவாட் திறன், வளைவுக்குப் பின் 700 மீட்டர் நேர்ப்பாதை என்று வையுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால், 20 மீட்டர் வேகத்தில் வெளியேறும் கார் நேர்ப்பாதையைக் கடக்க 16.94 வினாடி ஆகும். 22 மீட்டரில் வெளியேறினால் 16.62. டயரை மாற்றியதில் வளைவில் 0.45, நேர்ப்பாதையில் 0.32, ஆக முக்கால் வினாடிக்கும் மேல் மிச்சம்.

டயரைத் தொடாமல் இயந்திரத் திறனை மட்டும் 10 விழுக்காடு கூட்டினால்? அதே நேர்ப்பாதை 16.50 வினாடி. மிச்சம் 0.44. வளைவில் ஒன்றும் இல்லை. எக்சாஸ்ட் ஒன்றை மட்டும் மாற்றி 10 விழுக்காட்டைப் பெறுவதே கடினம். சத்தம் கூடும், அது நிச்சயம்.

இனி பிரேக். பலர் கடைசியாகத்தான் இதை நினைக்கிறார்கள். என் கணக்கில் இதுதான் முதலில் வர வேண்டும். அதே கார் வினாடிக்கு 50 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு இறங்கும்போது இழக்கும் இயக்கச் சக்தி ½ × 1200 × (2500 − 400) = 12 லட்சத்து 60 ஆயிரம் ஜூல். 30 பாகை நீரை 4 லிட்டருக்கு மேல் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வீட்டுக் கெண்டியில் பல நிமிடம் பிடிக்கும் வேலை, இங்கே சில வினாடிகளில்! முன்சக்கரங்களின் இரண்டு இரும்புத் தட்டுகளும் சேர்ந்து 12 கிலோ இருந்து, அவை இந்த வெப்பத்தில் 70 விழுக்காட்டை ஏற்றால், ஒரே பிரேக்கில் ஏறக்குறைய 160 பாகை சூடேறும். ஆற நேரமின்றி அடுத்த வளைவு வந்துவிடும்.

அந்த வெப்பம் பிரேக் எண்ணெய்க்கும் பரவுகிறது. 'டாட் 4' வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை இருக்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் இது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் எண்ணெய். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அதே விதி கேட்பது வெறும் 155 பாகை. நம் நாட்டு ஈரக்காற்றைச் சொல்லவா வேண்டும்? எண்ணெய் கொதித்தால் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம். ஓட்டுநர் மிதிக்கிறார், மிதி தரைவரை போகிறது, கார் நிற்பதில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து எக்சாஸ்ட் மாட்டியவர், சில பத்து ரிங்கிட் எண்ணெயை மாற்ற மறந்தால் நேர்வது இது.

டயரின் காற்றும் சும்மா இருப்பதில்லை. காலையில் 27 பாகையில் 200 கிலோபாஸ்கல் அடைத்தால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து உள்ளே 301. சில சுற்றுகளில் காற்று 80 பாகையைத் தொட்டால், படிவம் 4-இல் படிக்கும் அழுத்த விதிப்படி 301 × 353 ÷ 300 = 354. அளவி காட்டுவது 253. உப்பிய டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, பிடிப்பு குறையும். ஆகவேதான் அனுபவசாலிகள் சுற்று முடிந்து வந்ததும் சூடான டயரிலேயே அழுத்தத்தைச் சரிசெய்கிறார்கள்.

இப்போது அண்ணனின் ஒரு வினாடிக்கு வருவோம். எக்சாஸ்ட் மாற்றுமுன் அவருடைய மூன்று சுற்றுகள் 166.4, 165.0, 167.1 வினாடி, மாற்றியபின் 165.6, 166.9, 164.0 என்று வைத்துக்கொள்வோம். சிறந்த நேரங்களை ஒப்பிட்டால் சரியாக ஒரு வினாடி குறைவு. சராசரிகளை ஒப்பிட்டால் 0.67தான். அதைவிட முக்கியம்: எக்சாஸ்டைத் தொடாமலேயே அவரது சுற்றுகள் தமக்குள் 2.1 வினாடி வேறுபட்டன. மூன்று மூன்று சுற்றுகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வானிலையும் இருக்கிறது. 25 பாகைக் காலைக் காற்று, 35 பாகை மதியக் காற்றைவிட 3 விழுக்காடு அடர்த்தியானது; இயந்திரத்திற்கு அந்த அளவு கூடுதல் ஆக்சிஜன். முதல்முறை மதியமும் அடுத்தமுறை காலையும் ஓட்டியிருந்தால், எக்சாஸ்டின் புகழில் ஒரு பங்கு காலைக் காற்றுக்குரியது. கைப்பேசியின் ஜிபிஎஸ் வினாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கிறது என்றால், இரு குறிப்புகளுக்கு இடையே கார் 50 மீட்டர் ஓடியிருக்கும். கோட்டைக் கடந்த கணத்தை அது ஊகிக்கத்தான் முடியும்.

நியாயமான சோதனை இப்படி இருக்கும்: ஒரே நாள், அடுத்தடுத்த நேரம், அதே டயர், அதே சூடான அழுத்தம், அதே அளவு பெட்ரோல். பழைய எக்சாஸ்டில் பத்துச் சுற்று, புதியதில் பத்து, பிறகு பழையதையே மாட்டி மறுபடியும் பத்து. மூன்றாவது கட்டத்தில் நேரம் பழையபடி கூடினால்தான் எக்சாஸ்டுக்குப் பெருமை. இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கியதைக் கழற்ற மனம் வருமா?

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. 2009-இல் சிப்பாங்கில் நடந்த ஃபார்முலா 1 போட்டி, கனமழையால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. ஈரத் தடத்தில் உராய்வுக் கெழு 0.5 என்றால், மேலே கண்ட 45 மீட்டர் வளைவில் நம் கார் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகலாம்? இயந்திரத் திறனை இருமடங்காக்கினால் விடை எவ்வளவு மாறும்?