அயல்நாட்டுப் பணியும் இல்லறக் கடமையும்

தொழில் நிமித்தம் அடிக்கடி அயல்நாடு செல்வோர், பணம் அனுப்புவதோடு தம் கடமை முடிந்ததென எண்ணற்க. மனைவிக்குக் கணவன் ஆற்றவேண்டியவை 5 எனச் சிகாலோவாத சூத்திரம் வகுக்கின்றது: மதித்தல், இகழாமை, பிறர்மனை நாடாமை, இல்லத்தின் அதிகாரத்தை ஒப்படைத்தல், அணிகலன் அளித்தல். இவற்றுள் பொருளால் நிறைவேறுவது இறுதியில் நின்ற ஒன்றே.

துபாயில் இரவு 9 மணியாயின் இங்கு 10.30, அவள் உறங்கும் வேளை. சிங்கப்பூரில் இரவு 9 மணியாயின் இங்கு மாலை 6.30, அடுப்படியில் நிற்கும் வேளை. அவளுக்கு ஒழிந்த வேளையறிந்து பேசுதலே மதித்தல்.

நான்கு நாள் தங்க வந்தவன், அவள் நாற்பது நாள் காத்த ஒழுங்கைக் கலைப்பது இகழ்தல். வரவு செலவையும் பிள்ளைகளின் படிப்பையும் அவள் தீர்மானித்தபடி நடக்கவிடுதலே அதிகாரம் ஒப்படைத்தல்.

புறப்படுமுன் திரும்பும் நாளைக் கூறுக. கூறிய நாளில் திரும்புக.