ஏஐ சொன்ன விலை எங்கிருந்து வந்தது? 'கர்ல்' மூலம் நீங்களே பார்க்கலாம்

செம்பட்டி பஸ் நிறுத்தத்தில் மாமா போனை நீட்டினார். "மாப்ள, தக்காளி விலை என்னன்னு ஏஐ-கிட்ட கேட்டேன், சொல்லிருச்சு. ஒட்டன்சத்திரத்துக்கு லோடு ஏத்தவா, ரெண்டு நாள் பொறுக்கவா?" பதில் நல்ல தமிழில்தான் இருந்தது. ஆனால் அந்த விலையை அது எங்கே பார்த்தது? வண்டி வாடகையும் காயும் வீணாகாமல் இருக்க வேண்டுமே!

டூல் சர்வர் என்றால் என்ன?

ஏஐ-க்குத் தானாக இன்றைய விலை தெரியாது. வெளியில் உள்ள ஒரு சர்வரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். அப்படிக் கேட்பதற்கான பொதுவான முறைதான் எம்சிபி. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் இதை வெளியிட்டது. நம் நாட்டில் மத்திய புள்ளியியல் அமைச்சகமும் தன் தரவுகளுக்காக இப்படியொரு சர்வரை பீட்டா வடிவில் திறந்துள்ளது. விலைவாசிக் குறியீடு, வேலைவாய்ப்பு போன்ற விவரங்களை அதில் கேட்கலாம்.

கர்ல் எதற்கு?

கர்ல் ஓர் இலவசக் கருவி. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் உருவாக்கிய இது, 1998 முதல் இந்தப் பெயரில் உள்ளது. ஏஐ நடுவில் இல்லாமல் நாமே சர்வரிடம் நேராகப் பேசலாம். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் 'டெர்மக்ஸ்' செயலி மூலம் பயன்படுத்தலாம்.

எப்படிக் கேட்பது?

1. பிரவுசரில் முகவரியைத் தட்டினால் பெரும்பாலும் பிழைதான் வரும். சர்வர் படுத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது 'போஸ்ட்' முறையில் வரும் கேள்வியைத்தான் எதிர்பார்க்கிறது.

2. கட்டளையில் இரண்டு தலைப்புகளைச் சேருங்கள். ஒன்று, நாம் அனுப்புவது ஜேசன் வடிவம் என்பது. இரண்டு, பதிலை ஜேசனாகவோ தொடர் ஓட்டமாகவோ ஏற்போம் என்பது. இரண்டாவதை விட்டால் 406 பிழை வரலாம்.

3. முதலில் 'இனிஷியலைஸ்' என்ற அறிமுகக் கேள்வி. பதிலின் தலைப்பில் செஷன் எண் வந்தால், அடுத்தடுத்த கேள்விகளில் அதையும் சேர்க்க வேண்டும். பிறகு 'தயார்' என்று ஒரு சின்ன அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

4. அடுத்து 'டூல்ஸ் லிஸ்ட்' கேளுங்கள். சர்வரிடம் என்னென்ன கருவிகள் உள்ளன என்ற பட்டியல் வரும். தேவையானதை 'டூல்ஸ் கால்' மூலம் இயக்கலாம்.

401 பிழை வந்தால் அனுமதிச் சாவி இல்லை அல்லது தவறு என்று பொருள்.

பட்டியல்தான் முக்கியம்

விலைவாசிக் குறியீடு வேறு, மார்க்கெட் விலை வேறு. விலைவாசி ஏறியதா இறங்கியதா என்பதைக் குறியீடு காட்டும். ஒட்டன்சத்திரத்தில் இன்று தக்காளி என்ன விலை என்பதை அது சொல்லாது. சர்வர் பட்டியலில் மார்க்கெட் விலைக்கான கருவியே இல்லாதபோது ஏஐ ஒரு விலை சொன்னால், அது வேறெங்கோ எடுத்தது, இல்லையென்றால் ஊகம். அதை நம்பி லோடு ஏற்றக்கூடாது.

மார்க்கெட் விலைக்கு நம் மாநில அரசின் 'உழவன்' செயலியைப் பாருங்கள். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலும் தினசரி மண்டி விலை உண்டு. அங்கே விலை குவிண்டாலுக்கு. 2,000 என்றிருந்தால் கிலோ 20 ரூபாய். தேதியையும் மார்க்கெட் பெயரையும் சேர்த்தே படியுங்கள்.

இதை மறக்காதீங்க

* வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கர்ல் கட்டளையை அப்படியே ஒட்டி இயக்காதீர்கள். வெளியிலிருந்து ஒரு நிரலை இறக்கி உங்கள் போனிலேயே ஓடவிடும் கட்டளையாக அது இருக்கலாம்.
* ஆதார் எண், ஓடிபி, வங்கி விவரம் எதையும் கட்டளையில் எழுதாதீர்கள்.
* அனுமதிச் சாவி வீட்டுச் சாவி மாதிரி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிராதீர்கள்.
* பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

மாமாவுக்கு உழவன் செயலியைத் திறந்து காட்டினேன். தேதியைப் பார்த்தார், விலையைப் பார்த்தார். அப்புறம்தான் வண்டிக்காரருக்குப் போன் போட்டார். ஏஐ-யைக் கேளுங்கள், தப்பில்லை. "எங்கே பார்த்துச் சொன்னாய்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.