வோல்ட் என்பது யாது?

தறிக்கூடத்திலும் கிணற்றடியிலும் உப்பளத்திலும் மின்சாரம் நமக்கு ஊழியம் புரிகின்றது. ஆயினும், மோட்டார் புகைந்தால் “வோல்டேஜ் போதவில்லை” என்று கூறும் நாம், அச்சொல்லின் பொருளை ஆராய்வதில்லை. அறியாமையால் பொருளும், சில வேளைகளில் உயிரும் நஷ்டமாகின்றன. ஆதலின் அங்கத்தினர்களின் பொருட்டு இதனை ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

துணியும் உப்பும்

1800-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து அறிஞர் வோல்டா, செம்பும் துத்தநாகமுமாகிய தகடுகளை மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் தோய்ந்த துணியை வைத்தார். அடுக்கின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தபோது மின்சாரம் இடையறாது ஓடிற்று. நெசவாளர் அறிந்த துணியும், தூத்துக்குடிக் கரை அறிந்த உப்புமே அம்மின்கலத்தில் பங்குகொண்டன. வோல்ட் என்னும் அளவு அவர் பெயரால் அமைந்ததே.

நீரைக் கொண்டு அறிதல்

மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்திலுள்ளதோ அவ்வளவு விசையுடன் குழாயில் நீர் பாயும். இரு தொட்டிகளின் நீர்மட்டம் ஒன்றாயின் இடையே நீர் ஓடாது. மின்சாரமும் அத்தகையதே. மட்ட வேற்றுமை போன்றது வோல்ட். ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர். குழாய் தரும் தடை போன்றது ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1,000 வாட் சக்தி ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட் ஆகும்.

மின்கம்பியில் அமர்ந்த காக்கை பிழைப்பதேன்? அதன் இரு கால்களுக்கிடையே வோல்ட் வேற்றுமை இல்லை. தரையில் நின்று அக்கம்பியைத் தொடுபவருக்கோ முழு வேற்றுமையும் உடல்வழியே பாய்கின்றது.

நெடுவழி

தாமிரபரணியின் நீர்விசையால் 1944-இல் பாபநாசத்தில் மின் உற்பத்தி தொடங்கிற்று. தூத்துக்குடி அனல் மின்நிலையத்தின் முதற்பிரிவு 1979-இல் இயங்கலாயிற்று. 1992-க்குள் 210 மெகாவாட் வீதம் ஐந்து பிரிவுகள் அமைந்தன. நெடுந்தொலைவுக்கு மின்சாரம் 1,10,000, 2,30,000 வோல்ட் போன்ற உயர் அழுத்தத்தில் அனுப்பப்படுகின்றது. வோல்ட் பத்து மடங்கானால், அதே சக்திக்கு ஆம்பியர் பத்திலொன்று போதும். கம்பியில் வெப்பமாய் வீணாவது நூறிலொன்றாகக் குறையும். பின்னர் டிரான்ஸ்பார்மர்கள் அதனைப் படிப்படியாய் இறக்கி, வீட்டுக்கு 230 வோல்ட்டாகத் தருகின்றன.

மோட்டார் எரிவதேன்?

வோல்ட் குறைந்தாலும் கிணற்றின் சுமை குறைவதில்லை. எனவே மோட்டார் அதிக ஆம்பியரை இழுக்கின்றது. ஆம்பியர் 5-இலிருந்து 6 ஆயின், சுருளின் வெப்பம் 25-க்கு 36 என்ற விகிதத்தில் ஏறும். இதனைத் தடுக்கவே ஓவர்லோடு ரிலேயும் பியூஸும் உள்ளன. பியூஸ் போனவிடத்தில் தடித்த கம்பியைக் கட்டுவது காவற்காரனைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

உப்புக் கரையில் எச்சரிக்கை

உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதிற் பாதியளவே இருதயத்தை நிறுத்த வல்லது. உப்புக் காற்றோ இணைப்புகளையும் அரிக்கின்றது.

ஆதலின் ஈரக்கையால் சுவிட்சைத் தொடலாகாது. மோட்டாரின் இரும்புக் கூட்டுக்கு எர்த் இணைப்பு அவசியம். எர்த் குழிக்கு உப்பும் கரியும் இட்டு ஈரம் காத்தல் வேண்டும். அங்கே அதே உப்பு நமக்குத் துணைவனாகின்றது. 0.03 ஆம்பியர் கசிந்தவுடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும் நலம்.

மின்சாரம் தாக்கியவரைக் கண்டால், பதறிச் சென்று தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. இயலாவிடில் உலர்ந்த பலகைமீது நின்று உலர்ந்த கழியால் விலக்குக. கீழே அறுந்து விழுந்த உயர் அழுத்தக் கம்பியாயின் அருகிற் செல்லாது மின்வாரியத்துக்கு அறிவிக்க. இப்பாடத்தை வீட்டிலுள்ள பெண்டிர்க்கும் சிறார்க்கும் சொல்லிவைப்போமாக.