ஆகாயத்தில் 265 கி.மீ., சாலையில் 340 கி.மீ. – எது சீக்கிரம்?



சென்னையில் இருந்து சேலம் எவ்வளவு தூரம்னு கேட்டா இரண்டு விடை சொல்லலாம். இரண்டுமே சரிதான்! நேர்கோட்டில் சுமார் 265 கி.மீ. விமானம் ஏறக்குறைய இப்படித்தான் போகும். சாலையோ திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வரை தெற்கே வந்து, மேற்கே திரும்பி, நம்ம தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் சேருகிறது. அது சுமார் 340 கி.மீ.

அட்லஸில் நீங்களே அளக்கலாம். நேர்கோட்டுக்கு ஸ்கேல் போதும். சாலைக்கு ஒரு நூலை வளைவுகள் மேல் வைத்து, பிறகு நீட்டி அளக்க வேண்டும்.

இப்போ நேரக் கணக்கு. காலம் = தூரம் ÷ வேகம்.

கார் சராசரியாக மணிக்கு 65 கி.மீ. போனால், 340 ÷ 65 = சுமார் 5¼ மணி.

சேலத்துக்கு உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் விமானம் வந்தது. இடையில் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. பறப்பது சுமார் 1 மணிதான். ஆனா மற்றதையும் கூட்டணுமே! நான் போட்ட கணக்கு:

சென்னை வீட்டிலிருந்து மீனம்பாக்கம் – 1 மணி
முன்கூட்டியே போய், சோதனை முடித்துக் காத்திருக்க – 2 மணி
பறக்க – 1 மணி
பெட்டி எடுத்து வெளியே வர – ½ மணி
காமலாபுரம் விமான நிலையத்தில் இருந்து சேலம் நகரம் – ½ மணி
மொத்தம் – 5 மணி

லாபம் வெறும் கால் மணி நேரம்! நம்ம ஊருக்கு வருவதென்றால் அதுவும் இல்லை. சென்னை – தியாகதுருகம் சாலையில் சுமார் 240 கி.மீ. அதாவது 3 மணி 40 நிமிடம். விமானத்தில் போனவர் காமலாபுரத்தில் வெளியே வருவதற்குள் நாம வீட்டில் சாப்பிட்டே முடிச்சிருப்போம்.

அப்போ விமானம் வீணா? இல்லை. ரேஷன் கடையில் ஒரு கிலோ வாங்கினாலும் பத்து கிலோ வாங்கினாலும் நிற்கிற வரிசை ஒண்ணுதானே! விமானத்திலும் தரையில் செலவாகும் 4 மணி பெரிதாக மாறாது. டெல்லிக்குப் பறக்க சுமார் 2¾ மணி. எல்லாம் சேர்த்தாலும் 7 மணிக்குள். சாலையில் சுமார் 2,200 கி.மீ. நிற்காமல் மணிக்கு 60 கி.மீ. போனாலும் 36 மணிக்கு மேல்!

இந்தக் கணக்கு நமக்கு எதுக்கு என்கிறீர்களா? கல்வராயன் மலையைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் 40 கி.மீ. என்பது 37 நிமிடம். வளைந்து ஏறும் மலைச்சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகம்னு வைத்தால் அதே 40 கி.மீ.க்கு 2 மணி. பாம்பு கடித்தவருக்கும் பிரசவ வலி கண்ட தாய்க்கும் முக்கியம் கிலோமீட்டர் இல்லை, நிமிடம்தான். "ஆஸ்பத்திரி பக்கம்தானே" என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மலைக் கிராமத்துக்கு நல்ல சாலை போட்டால் தூரம் குறையாவிட்டாலும் நேரம் குறையும். ஓர் உயிரும் பிழைக்கும்.

ஆகவே தோழர்களே, இனி "எவ்வளவு தூரம்?" என்பதோடு "எவ்வளவு நேரம்?" என்றும் கேட்போம்.

உங்களுக்கு ஒரு வேலை: உங்கள் வீட்டில் இருந்து பள்ளிக்கு எத்தனை கி.மீ.? எத்தனை நிமிடம்? வேகம் என்ன? நடந்து வருபவர், சைக்கிளில் வருபவர், பஸ்ஸில் வருபவர் எல்லாரும் கணக்குப் போட்டுத் தாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க மறக்காதீர்கள்!