உண்ணிக் காய்ச்சல்: கிருமி உடலுள் புகுவது எவ்வாறு?

லாலாங் புல் மண்டிய நிரைகளிலும் காட்டோரத் தோட்டங்களிலும் வேலை செய்வோரைத் தாக்கும் நோய்களுள் ஒன்று, ஸ்கிரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். இந்நோய்க் கிருமி நம் உடலுள் இடம்பிடிக்கும் முறையை அறிந்துகொண்டால், காலந்தாழ்த்தாது மருந்து பெறவேண்டியதன் காரணமும் நமக்கு விளங்கும்.

இக்கிருமிக்கு ஓரியன்சியா சுட்சுகாமுசி என்பது பெயர். மண்ணில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு அதனைச் சுமந்து வருகிறது. வளர்ந்த உண்ணி நம்மைக் கடிப்பதில்லை. எலிகளைக் கடித்து வாழும் குஞ்சே, புல்லில் காத்திருந்து மனிதர் மீதும் ஏறுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அது இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் கடிக்கிறது. கடி வலிப்பதில்லை.

தோலுள் புகுந்த கிருமி, உயிரணுவினுள் நுழைந்தாலன்றிப் பெருக முடியாது. நுழைவதற்கு முன் அது உயிரணுவைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். பால்மரத்தில் கோப்பை தானாக நிற்பதில்லை. கம்பியே அதனை மரத்தோடு இணைத்துத் தாங்குகிறது. இங்கும் அவ்வாறே. கிருமியின் மேலுறையிலுள்ள புரதம், நம் உடலிலுள்ள பைப்ரோனெக்டின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. பைப்ரோனெக்டின், உயிரணுவின் மேற்பரப்பில் அமைந்த இன்டெகிரின் என்னும் ஏற்பியைப் பற்றுகிறது. கிருமியைக் கோப்பை என்றால், பைப்ரோனெக்டினே கம்பி.

இப்பிணைப்பு ஏற்பட்டதும் உயிரணு தன் மேலுறையை உள்மடித்துக் கிருமியை உள்ளிழுத்துக்கொள்கிறது. கிருமி அம்மடிப்பிலிருந்து வெளியேறி, உயிரணுவினுள்ளேயே பல்கிப் பெருகுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் இவ்வாறு கேடுறுவதால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் ஆகியவை பாதிக்கப்பட்டு உயிருக்கே இடர் நேரலாம்.

ஆதலின், உயிரணுவினுள் சென்று கிருமியை அடக்கும் மருந்தே பயன் தரும். 1948ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோரம்பெனிக்கால் மருந்தால் இந்நோயைக் குணப்படுத்திக் காட்டினர். இக்காலத்தில் டாக்சிசைக்ளின் பெரிதும் வழங்கப்படுகிறது. பெனிசிலின் இக்கிருமியை அடக்காது. கடையில் வாங்கும் காய்ச்சல் மாத்திரை சூட்டைத் தணிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது.

கடிபட்டு ஏறத்தாழப் பத்து நாட்களில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். கடிபட்ட இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்புண் காணப்படலாம். எல்லார்க்கும் அது தோன்றுவதில்லை. ஒரு நாள் சம்பளம் போகுமே என்று காய்ச்சலோடு மரம் வெட்டச் செல்லுதல் ஆகாது. உடனே மருத்துவரிடம் சென்று, எவ்விடத்தில் வேலை செய்தோம் என்பதையும் கூறுதல் வேண்டும்.

வருமுன் காத்தலே சிறந்தது. வேலையின்போது நீண்ட கைச்சட்டை அணிந்து, காற்சட்டையின் கீழ்நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வோம். புல்லில் அமர்வதையும் சட்டையைப் புதரின்மேல் போடுவதையும் தவிர்ப்போம். வீடு திரும்பியதும் குளித்து, உடுத்திய துணிகளைத் துவைப்போம். குடியிருப்பைச் சுற்றியுள்ள புதரையும் எலியையும் ஒழிப்போம். கிருமி பற்றுமுன் நாம் விழித்துக்கொள்வோமாக!